வயிறு நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறதா? ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நேற்று காலை ஒன்பது மணிக்குள் நாலு தடவை கழிப்பறைக்கு ஓடினீர்கள். இன்று அரை மணி நேரம் உட்கார்ந்தும் திருப்தியாகப் போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டு நிற்கிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, ஐ.பி.எஸ்.தான், கவலைப்படாதீர்கள்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொந்தரவில் வயிறு மாறிக்கொண்டே இருப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு நாளையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் பார்க்கப் பழகினால் பயம் குறையும். பயம் குறைந்தால் வயிறும் ஓரளவு அடங்கும்.

ஐ.பி.எஸ். என்றால் என்ன?

குடல் எளிதில் சீண்டப்படும் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்று வலி திரும்பத் திரும்ப வரும். கூடவே மலம் போகும் விதமும் மாறும். சிலருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி.

இதை முடிவுசெய்ய மருத்துவர்கள் 2016-இல் வந்த 'ரோம் 4' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அந்த வலிக்கு மலம் கழிப்பதோடோ, எத்தனை தடவை போகிறோம் என்பதோடோ, மலம் இறுகுவது இளகுவதோடோ தொடர்பு இருக்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 33 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இணையம் வழியாகக் கேட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு இந்த அளவுகோலின்படி ஐ.பி.எஸ். இருந்தது. இதைப் பற்றி வெளியே பேச எல்லோரும் கூச்சப்படுவதால், பக்கத்தில் இருப்பவருக்கு இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

பரிசோதனையில் எல்லாம் சரி என்றால் வலி எங்கிருந்து வருகிறது?

ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) புண், கட்டி, வீக்கம் போன்றவற்றைக் காட்டும். குடல் எப்படி அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பதை அவை காட்டுவதில்லை. உங்கள் தொந்தரவு இருப்பது அங்கேதான்.

குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஐ.பி.எஸ். உள்ளவருக்கு, ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டி வைத்ததுபோல அந்தச் செய்திகள் பலமாகக் கேட்கின்றன. இன்னொருவர் கவனிக்கவே கவனிக்காத கொஞ்சம் வாயு, உங்களுக்கு முறுக்கி வலிக்கும்.

ஆகவே உங்கள் வலி உண்மையான வலி. "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிலருக்கு இது எப்போது தொடங்கியது என்று தெளிவாக நினைவிருக்கும். வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் கடும் வாந்தி பேதி வந்திருக்கும். கிருமி போய்விட்டாலும் குடல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது. அப்படிப்பட்ட தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். தொடர்கிறது.

தினமும் போயே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 3 தடவை முதல் வாரத்துக்கு 3 தடவை வரை எல்லாமே இயல்புதான். நம் வீடுகளில் 'காலையில் எழுந்ததும் போய்விட வேண்டும்' என்பது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் போகாவிட்டால் நாளே கெட்டுவிட்டதாக எண்ணி, வராததை முக்கி வரவழைக்கப் பார்க்கிறோம். அதில் மூலம், வெடிப்பு, வலி என்று புதுத் தொந்தரவுகள் சேருகின்றன.

எண்ணிக்கையைவிட மலம் எப்படி இருக்கிறது என்பது நன்றாக வழிகாட்டும். இதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கி 1997-இல் வெளியிட்ட ஏழு வகைப் படம் உலகமெங்கும் பயன்படுகிறது. 1, 2 என்பவை கெட்டிக் கட்டிகள், மலச்சிக்கலின் அடையாளம். 3, 4 இயல்பானவை. 5 மென்மையான துண்டுகள். இளகத் தொடங்குகிறது என்று பொருள். 6 கூழ், 7 வெறும் தண்ணீர்; இவை வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் "டாக்டர், சரியில்லை" என்று சொல்வதைவிட "இந்த வாரம் மூன்று நாள் 2, இரண்டு நாள் 6" என்று சொன்னால் அவருக்கு உடனே விளங்கும். உங்களுக்கும் கூச்சம் குறையும்.

ஏன் மாறி மாறி வருகிறது?

குடல் மெதுவாக நகர்ந்தால் மலத்திலிருந்து தண்ணீர் அதிகம் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். வேகமாக நகர்ந்தால் தண்ணீரோடு இளகி வரும். உங்கள் குடலின் வேகம் சீராக இல்லாததால் இரண்டும் வருகின்றன. தூக்கம் கெட்டது, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள், தேர்வு, பயணம், சாப்பாட்டு நேரம் தவறுவது எல்லாமே அந்த வேகத்தை மாற்றும்.

இதில் நாமே செய்துகொள்ளும் ஒரு சுற்றும் உண்டு. இரண்டு நாள் போகவில்லை என்று நாட்டு மருந்துக் கடை நிலாவரைப் பொடியோ விளக்கெண்ணெயோ சாப்பிடுகிறோம். மறுநாள் பிய்த்துக்கொண்டு போகிறது. பயந்து பேதியை நிறுத்தும் மாத்திரை போடுகிறோம். மறுபடி மூன்று நாள் அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மருந்தும் முந்தைய மருந்தின் விளைவைத் துரத்துகிறது. அன்றன்றைக்கு மருந்து மாற்றுவதை நிறுத்தினாலே சிலருக்கு ஊசலாட்டம் குறையும்.

சாப்பிட்ட உடனே வந்துவிடுகிறதே, சாப்பாடு செரிக்காமல் போகிறதா?

இல்லை. வாயில் போட்டது வெளியே வர பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடலை நகரச் சொல்லி ஒரு சமிக்ஞை போகும். இது எல்லோருக்கும் உண்டு. உங்களுக்குக் கொஞ்சம் பலமாக இருக்கிறது. இட்லி சாப்பிட்டதும் வெளியே வருவது நேற்றைய, முந்தாநாளைய சாப்பாடு. சத்து வீணாகிறது என்று பயப்பட வேண்டாம். அந்த இட்லி ஆகாது என்ற முடிவுக்கும் வர வேண்டாம்.

மலத்தில் கொஞ்சம் சளிபோல வருவதும் ஐ.பி.எஸ்.-இல் சகஜம். அதோடு ரத்தமும் வந்தால்தான் கதை வேறு.

இது புற்றுநோயாக மாறிவிடுமா?

மாறாது. ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறுவதில்லை, குடலைப் புண்ணாக்குவதில்லை, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு இந்தப் பயம் வரும்போது இந்த வரியைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த மாற்றத்துக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கீழே உள்ளவை ஐ.பி.எஸ்.-இன் வழக்கமான குணங்கள் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்:

- மலத்தில் ரத்தம், அல்லது தார்போலக் கறுத்த மலம். மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.
- முயலாமலே எடை குறைவது.
- ரத்தசோகை.
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு.
- விடாத காய்ச்சல், வயிற்றில் கட்டி தட்டுப்படுவது.
- 45, 50 வயதுக்குமேல் முதன்முறையாக மலப்பழக்கம் மாறுவது.
- குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், குடல் அழற்சி நோய் இருப்பது.
- 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து விடாமல் இருக்கும் வயிற்று உப்புசம். சினைப்பையையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வதில் இன்னொரு நன்மை இருக்கிறது. வயிறு மாறும் ஒவ்வொரு முறையும் இதைப் பாருங்கள். இதில் எதுவும் இல்லையென்றால், இன்று நடந்தது உங்கள் பழைய தொந்தரவின் இன்னொரு நாள். அவ்வளவுதான்.

எத்தனை பரிசோதனைதான் செய்வது?

அபாய அறிகுறி இல்லாத இளம் வயதினருக்குச் சில எளிய பரிசோதனைகளே போதும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.பி., கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத 'சீலியாக்' நோய்க்கான ரத்தப் பரிசோதனை, வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்). தேவைப்பட்டால் தைராய்டும் பார்ப்பார்கள்.

அவை சரியாக இருந்தால், பயம் தீருவதற்காக ஊர் ஊராகப் போய் ஸ்கேன் எடுப்பது பயன் தராது. நல்ல ரிப்போர்ட் தரும் நிம்மதி கொஞ்ச நாளில் கரைந்துவிடும். பிறகு அடுத்த ஸ்கேனை மனம் கேட்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் வயிறு கெட்டால் 'அமீபா' என்று சொல்லி மெட்ரோனிடசோல் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. மலப் பரிசோதனையில் உறுதியாகாமல் அதைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அதில் அடிபடும்.

கவலை வயிற்றைக் கெடுக்கிறதா, வயிறு கவலையைக் கொடுக்கிறதா?

இரண்டும் நடக்கிறது. பயம் வந்தால் உடல் ஓடத் தயாராகிறது. பெருங்குடல் வேகம் பிடிக்கிறது. வேகம் பிடித்ததும் வயிறு கலக்குகிறது. கலக்கியதும், "ஐயோ, பஸ்ஸில் வந்துவிட்டால்?" என்று பயம் கூடுகிறது. எங்கே தொடங்கினாலும் சுற்று ஒன்றுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், சுற்றை எந்த இடத்திலும் வெட்டலாம். சிலருக்கு உணவிலும் மருந்திலும் கைவைத்தால் போதும். சிலருக்குப் பயத்தைத் தணிக்கும் பயிற்சி பலன் தரும். பலருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும். மனதுக்குப் பயிற்சி சொல்வதால் உங்கள் நோய் பொய் என்று ஆகிவிடாது.

பயம் வரும் அந்த நேரத்தில் என்ன செய்வது?

மூச்சிலிருந்து தொடங்குங்கள். ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிற்றின் மேல் உள்ள கை உயர வேண்டும், மார்பில் உள்ள கை அசையாமல் இருக்க வேண்டும். இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வலி வந்த பிறகு முதன்முதலாக முயன்றால் பலிக்காது. காலையும் இரவும் நன்றாக இருக்கும்போதே பழகி வையுங்கள்.

அடுத்தது, சோதித்துப் பார்க்கும் பழக்கம். வயிற்றை அடிக்கடி அமுக்கிப் பார்ப்பது, ஒவ்வொரு தடவையும் மலத்தை ஆராய்வது, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று தடவை கழிப்பறைக்குப் போவது, இரவில் போனில் அறிகுறிகளைத் தேடுவது. இவை அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். மொத்தத்தில் பயத்தை வளர்க்கும். ஒரே நாளில் விட முடியாது. மூன்று தடவையை இரண்டாக்குங்கள். அடுத்த வாரம் ஒன்றாக்குங்கள்.

அதற்குமேல் உதவி கிடைக்குமா?

கிடைக்கும். சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் பேச்சு சிகிச்சை) ஐ.பி.எஸ்.-க்கு நல்ல பலன் தருகிறது. வழக்கமான சிகிச்சைகளில் தீராத 558 பேரிடம் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டுக்குப் பிறகும் நன்றாக இருந்தார்கள். குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபியும் (ஆழ்ந்த தளர்வில் மனதுக்குச் சொல்லும் பயிற்சி) 1984-இல் மான்செஸ்டரில் நடந்த ஆய்விலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது.

மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்களோ என்று தயங்காதீர்கள். எதிலும் ஆர்வமில்லாமல் போகிறது, அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் அரசின் மனநல உதவி கிடைக்கிறது.

வயிற்றுக்கு டைரி எழுத வேண்டுமா?

இரண்டு முதல் நான்கு வாரம் எழுதிப் பாருங்கள். நேரம், மல வகை, பத்துக்கு எத்தனை வலி, தூக்கம், அன்றைய விசேஷம். இவ்வளவு போதும். ஓர் உதாரணம்:

திங்கள்: காலை 7 மணி, வகை 2, முக்க வேண்டியிருந்தது. வலி 3. இரவு தூக்கம் குறைவு.
செவ்வாய்: போகவில்லை. உப்புசம். இரவு ஹோட்டலில் பூரி.
புதன்: மூன்று தடவை, வகை 5, 6, 6. வலி 6. அலுவலகத்தில் ஆடிட்.
வியாழன்: ஒரு தடவை, வகை 4. வலி 1.

புதன்கிழமையை மட்டும் பார்த்தால் "பூரிதான் காரணம், இனிமேல் பூரியே கூடாது" என்று தோன்றும். நான்கு நாளையும் சேர்த்துப் பாருங்கள். திங்களன்று சரியாகப் போகவில்லை, செவ்வாயன்று போகவே இல்லை. தேங்கியது புதன்கிழமை வந்தது. ஆடிட் பதற்றமும் சேர்ந்துகொண்டது. வியாழன் தானாகவே அடங்கிவிட்டது. பூரியைக் குற்றவாளியாக்க இந்த ஒரு தடவை போதாது. மூன்று நான்கு தடவை அதே மாதிரி நடந்தால் யோசிக்கலாம்.

நான்கு வாரம் ஆனதும் டைரியை மூடிவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் எழுதினால் அதுவே இன்னொரு சோதித்துப் பார்க்கும் பழக்கமாகிவிடும்.

என்னதான் சாப்பிடுவது?

முதலில் எளிய மாற்றங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒரு வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளை நிறையச் சாப்பிடாதீர்கள். மென்று சாப்பிடுங்கள். காபி, டீயை ஒரு நாளைக்கு மூன்று கப்புக்குள் நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் குடித்ததும் கலக்கினால் சிற்றுண்டிக்குப் பிறகு குடியுங்கள். காரம், எண்ணெய், மது மூன்றையும் குறைத்துப் பாருங்கள். பால் குடித்தால் உப்புசம் வந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்; பெரியவர்களான பின் பால் சர்க்கரை செரிக்காதவர்கள் நம்மில் நிறைய. அவர்களிலும் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால் ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை இருக்கிறது. ஃபாட்மேப் என்பவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயு உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைகள். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள்.

நம் சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் புளியையும் மிளகாயையும் சந்தேகிப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கில் முதலில் வருவது சின்ன வெங்காயமும் பருப்பும். அரிசிச் சோறு பிரச்சினை தராது. கேரட், கத்தரிக்காய், தக்காளி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வெங்காயம் இல்லாமல், பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாகப் போட்டுச் செய்தால் பலருக்குத் தாங்கும். பூண்டு வாசம் வேண்டுமென்றால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். தொந்தரவு தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது. கோதுமை, கொண்டைக்கடலை, ராஜ்மா, முந்திரி, காலிஃபிளவர், மாம்பழம், ஆப்பிள் ஆகியவையும் கொஞ்ச காலம் ஒதுக்கப்படும்.

'கொஞ்ச காலம்' என்பதைக் கவனியுங்கள். விலக்கி வைப்பது 2 முதல் 6 வாரம்தான். பலன் தெரிந்தால், ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்து எது எவ்வளவு வரை ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் பழையபடி சாப்பிட வேண்டும். முடிந்தால் உணவியல் நிபுணரின் துணையோடு செய்யுங்கள். ஏற்கெனவே எடை குறைந்தவர்களும் சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறவர்களும் தனியாக இதில் இறங்க வேண்டாம்.

ஒவ்வொரு மோசமான நாளுக்கும் ஓர் உணவை விலக்கிக்கொண்டே போய், கடைசியில் தயிர்சாதமும் ரசமும் மட்டும் மிஞ்சும் நிலைக்கு வந்தவர்கள் பலர். தட்டு சுருங்கியும் வயிறு சரியாகவில்லை என்றால், விலக்கிய உணவுகள் காரணம் இல்லை என்று அர்த்தம். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அழையுங்கள்.

நார்ச்சத்து நல்லதா, கெட்டதா?

வகையைப் பொறுத்தது. தண்ணீரில் கரைந்து வழுவழுப்பாகும் நார், அதாவது இசப்கோல், ஐ.பி.எஸ்.-க்கு உதவும். கெட்டி மலத்தை இளக்கும்; தண்ணீராகப் போவதைக் கொஞ்சம் திரட்டும். அதனால் இரண்டும் மாறி மாறி வருபவர்களுக்கும் ஏற்றது. கோதுமைத் தவிடு பலருக்கு உப்புசத்தைக் கூட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். வாரத்துக்கு வாரம் மெல்லக் கூட்டுங்கள். முதல் சில நாள் வாயு கூடலாம். அதற்காக உடனே விட்டுவிட வேண்டாம்.

மாத்திரைகள் எந்த அளவுக்கு உதவும்?

நோயை அடியோடு எடுக்கும் மாத்திரை இல்லை. தொந்தரவைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. முறுக்கி வலிப்பதற்கு மெபெவெரின் போன்ற குடல் தளர்த்திகளும் புதினா எண்ணெய்க் கேப்சூல்களும் தருவார்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் உண்டு. வயிற்றுப்போக்குக்கு லோபெரமைட். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் லோபெரமைட் போடக் கூடாது.

மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் "இது டிப்ரஷன் மாத்திரை" என்று சொல்லக்கூடும். பயந்து தூக்கிப் போடாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவில் சிறு பகுதிதான் இங்கே. குடல் நரம்புகளின் மிகையான உணர்வைத் தணிக்கத் தருகிறார்கள். இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் அளவில் இது வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கல் கூடலாம். உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த மருந்தானாலும் அவர் சொன்ன காலம் வரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்றாம் நாளே மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.

வெளியே போகவே பயமாக இருக்கிறதே?

பலருக்கும் வலியைவிட இதுதான் பெரிய கஷ்டம். வெளியூர் பஸ், கல்யாண மண்டபம், கோயில் வரிசை, தேர்வு அறை என்றாலே வயிறு கலக்கும். அதனால் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடக்கிறார்கள். பட்டினி கிடந்து பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் குடல் இன்னும் வேகமாகத் துள்ளும். வழக்கமான நேரத்தில், ஒத்துக்கொள்ளும் உணவைப் பாதி அளவு சாப்பிட்டுக் கிளம்புங்கள்.

நீண்ட தூரத்துக்குக் கழிப்பறை உள்ள ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பஸ்தான் என்றால் நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேளுங்கள்; நடத்துநரிடம் "வயிற்றுத் தொந்தரவு இருக்கிறது, அவசரமென்றால் சொல்கிறேன்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட நிம்மதியே பாதி அவசரத்தைக் குறைக்கும். பையில் தண்ணீர், டிஷ்யூ, ஒரு மாற்றுத்துணி இருக்கட்டும். முக்கியமான பயணத்துக்கு முன் லோபெரமைட் போடலாமா என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, சிறிதிலிருந்து தொடங்குங்கள். இந்த வாரம் பக்கத்துத் தெருக் கடை. அடுத்த வாரம் நாலு நிறுத்தம் தள்ளி உறவினர் வீடு. வயிறு கலக்கினாலும் உடனே திரும்பாமல், மூச்சுப் பயிற்சி செய்து பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அவசர உணர்வு அலையாக எழுந்து பல நேரம் தானாகவே தணிவதை நீங்களே காண்பீர்கள். அதை ஒரு தடவை அனுபவித்துவிட்டால், யார் சொல்லும் ஆறுதலையும்விட அது பெரிய தைரியம்.

வீட்டில் எப்படிப் புரியவைப்பது?

நீளமாக விளக்க வேண்டாம். "எனக்குக் குடல் சீக்கிரம் சீண்டப்படும் தொந்தரவு இருக்கிறது. ஆபத்தில்லை, ஆனால் வலி நிஜம். நான் எழுந்து போனால் கேள்வி கேட்காமல் விடுங்கள், போதும்" என்று சொல்லுங்கள். காலையில் ஒரே கழிப்பறைக்கு நாலு பேர் காத்திருக்கும் வீட்டில், உங்கள் நேரம் எது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டுவார்களோ என்ற பதற்றம் மலச்சிக்கலுக்கு ஒரு காரணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னைக்கு ஒழுங்கா போனியா?" என்று தினமும் விசாரிப்பது அக்கறைதான். ஆனால் மறக்க நினைக்கும் விஷயத்தை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய உதவி.

எப்போது சரியாகும்?

சிலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடுகிறது. பலருக்கு வந்து வந்து போகிறது. நல்ல மாதங்களும் மோசமான வாரங்களும் இருக்கும். நன்றாக இருந்துவிட்டு மறுபடி வந்தால், செய்ததெல்லாம் வீண் என்று எண்ண வேண்டாம். முன்பு எது உதவியதோ அதையே திரும்பச் செய்யுங்கள்.

'இனி ஒரு நாளும் வயிறு கலக்கக் கூடாது' என்பதை இலக்காக வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் எத்தனை இடங்களுக்குப் போனேன், எத்தனை உணவுகளைத் திரும்பச் சாப்பிட்டேன், எத்தனை நாள் வேலை கெடாமல் நடந்தது என்று எண்ணுங்கள். வயிறு முழுவதும் சரியாகும் முன்பே இந்த எண்ணிக்கை கூடத் தொடங்கும்.

இந்த வாரத்துக்கு மூன்றே மூன்று வேலை. அபாய அறிகுறிகளின் பட்டியலை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நாளை காலை டைரியின் முதல் வரியை எழுதுங்கள். பயந்து நிறுத்திய உணவில் ஒன்றை, வீட்டில் இருக்கும் ஒரு நாளில், அரைக் கரண்டி போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.